வால்டன் குளக்கரையில் பகவத்கீதை

1845ஆம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரிலிருந்து ஏறத்தாழ இருபது மைல் தொலைவிலுள்ள கான்கார்டு என்னும் சிற்றூருக்கு ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. சுமார் 2,000 பேர் மட்டுமே வாழ்ந்த ஊர் அது. புத்தகத்தைக் கையில் வாங்கியவர் ரால்ஃப் வால்டோ எமர்சன். அந்த வரவைக் குடும்பத் தோழி ஒருவருக்கு அவர் கடிதத்தில் தெரிவித்தார். அந்நூலின் சில பகுதிகளை முன்பே பலமுறை படித்து வியந்திருப்பதாகவும், முழு நூலைக் கையில் ஏந்துவது இதுவே முதல் தடவை என்றும் எழுதினார்.

வந்த நூல் பகவத்கீதை. ஆனால் அதே கடிதத்தில் எமர்சன் அதைப் பௌத்த சமய நூல் என்று தவறாகக் குறிப்பிட்டிருந்தார்!

இதைப் படிக்கும் இந்து அன்பர் எவருக்கும் புன்னகை வரும். எமர்சனுக்குச் சமஸ்கிருதம் தெரியாது. குருமுகமாக உபதேசம் பெற்றவரும் அல்லர். அவர் கையில் இருந்தது அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு. இத்தனை குறைகளோடு கீதைக்குள் நுழைந்த அவரும் அவருடைய நண்பர்களும் அதிலிருந்து பெற்றது என்ன? அமெரிக்க இலக்கிய வரலாற்றின் மிகச் சிறந்த பக்கங்கள் சில இக்கேள்விக்கு விடை தருகின்றன.

பிரசங்க மேடையைத் துறந்த போதகர்

1776இல் அரசியல் விடுதலையை அறிவித்த அமெரிக்கா, எழுத்துலகில் அதன்பின்னும் நெடுநாள் இங்கிலாந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் எழுந்த ரொமாண்டிக் இயக்கம், அறிவின் கணக்குகளைவிட உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் இயற்கைக்கும் தனிமனித உள்ளத்துக்கும் முதலிடம் தந்தது. அந்த அலை அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்தது. வாஷிங்டன் இர்விங் எழுதிய ரிப் வான் விங்கிள் கதை 1819இல் வெளிவந்தது. ஃபெனிமோர் கூப்பர் எல்லைப்புறக் காடுகளை நாவலாக்கினார். பிரையன்ட் நியூ இங்கிலாந்தின் மரங்களையும் பறவைகளையும் பாடினார். எனினும் அமெரிக்க இலக்கியம் தனக்கென ஒரு தத்துவத்தைக் கண்டது எமர்சனின் காலத்திலேதான்.

எமர்சன் 1803இல் பாஸ்டனில் பிறந்தவர். தந்தையும் போதகர், தாமும் போதகரானார். ஹார்வர்டில் படித்து முடித்து, 1829இல் பாஸ்டனின் புகழ்பெற்ற தேவாலயம் ஒன்றில் யூனிட்டேரியன் போதகராக அமர்ந்தார். 1831இல் அவருடைய இளம் மனைவி எல்லன் 19ஆம் வயதில் காசநோயால் இறந்தார். அடுத்த ஆண்டில், அப்பமும் திராட்சை ரசமும் வழங்கும் திருவிருந்துச் சடங்கை மனம் ஒப்பி நடத்த இயலாது என்று கூறி எமர்சன் தம் பதவியை விட்டு விலகினார். நல்ல சம்பளம், சமூக மதிப்பு, குடும்பப் பாரம்பரியம் ஆகிய மூன்றையும் 29 வயதில் ஒருங்கே துறந்தார். உள்ளம் ஏற்காத ஒன்றை வாயால் சொல்லக் கூடாது என்பது ஒன்றே காரணம்.

ஐரோப்பா சென்று வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், கார்லைல் ஆகியோரைச் சந்தித்துத் திரும்பியவர் கான்கார்டில் குடியேறினார். 1836இல் 'இயற்கை' என்னும் சிறு நூலை ஆசிரியர் பெயரின்றி வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஒத்த கருத்துடைய நண்பர்கள் சிலர் கூடிப் பேசத் தொடங்கினர். ஜெர்மன் தத்துவ ஞானி கான்ட் கையாண்ட ஒரு சொல்லை எடுத்து, இவர்களை 'டிரான்ஸென்டென்டலிஸ்டுகள்' என்று பிறர் கேலியாக அழைத்தனர். கேலிப்பெயரே பிறகு வரலாற்றுப் பெயராகிவிட்டது. புலன் கடந்த நோக்குடையோர் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

அவர்கள் கண்ட உண்மை

உண்மையை அறியக் கண்ணும் காதும் மட்டும் போதா; மனிதனுக்குள்ளே நேராக உண்மையை உணரும் ஓர் ஒளி உண்டு; அந்த ஒளியும் இயற்கையில் பரவி நிற்கும் ஒளியும் வேறல்ல என்பதே அவர்கள் கொள்கையின் சாரம். 1841இல் வெளியான எமர்சனின் கட்டுரைத் தொகுதியில் எல்லா உயிர்களையும் தன்னுள் அடக்கிய பேரான்மாவைப் பற்றிய கட்டுரை ஒன்று உண்டு. வேதாந்தம் அறிந்தவர்கள் அதைப் படித்தால் பரமாத்மா, ஜீவாத்மா என்ற சொற்களைத் தாமாகவே இட்டுக்கொள்வார்கள்.

இங்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கூற வேண்டும். கான்கார்டு இயக்கம் முழுவதும் கீதையிலிருந்தே பிறந்தது என்னும் கருத்து நம்மவரிடையே நெடுநாளாக வழங்குகிறது. சுவாமி விவேகானந்தரும் ஒரு சொற்பொழிவில் அவ்வாறு கூறியதுண்டு. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் உண்மை சற்று வேறாகத் தெரிகிறது. 'இயற்கை' வெளிவந்தது 1836இல். பேரான்மாக் கட்டுரை 1841இல். முழுக் கீதை எமர்சன் கைக்கு வந்தது 1845இல். பிளேட்டோ, புளோட்டினஸ், கோல்ரிட்ஜ், குவேக்கர் சமயத்தாரின் உள்ளொளிக் கொள்கை என்று பல ஊற்றுகள் முன்னரே அங்கு கலந்திருந்தன. பாதி வழி தாமே நடந்து வந்தவர்களுக்குக் கீதை எதிரே வந்து கைகொடுத்தது என்பதே பொருந்தும். இதனால் கீதைக்குப் பெருமை குறைந்துவிடாது. தேடாதவன் கையில் எந்த நூலும் காகிதக் கட்டுதான்.

அந்தக் குழுவில் பெண்களும் இருந்தனர். மார்கரெட் ஃபுல்லர் 1840இல் தொடங்கிய 'தி டயல்' என்னும் காலாண்டிதழின் முதல் ஆசிரியர். பெண்ணுரிமை பற்றி 1845இல் அவர் எழுதிய நூல் அமெரிக்காவில் அத்துறையின் முன்னோடி நூல்களில் ஒன்று. 1850இல் கணவருடனும் குழந்தையுடனும் தாய்நாடு திரும்புகையில், நியூயார்க் அருகே கப்பல் உடைந்து மூவரும் மாண்டனர். மற்றொருவர் பிரான்சன் ஆல்காட். புலால் உண்ணாமை, உழவு மாட்டையும் வருத்தாமை என்ற விரதங்களோடு 1843இல் 'ஃப்ரூட்லாண்ட்ஸ்' என்னும் குடியிருப்பை அமைத்தார். பனிக்காலம் வந்ததும் உணவின்றி ஏழே மாதங்களில் அது கலைந்தது. அந்தப் பசியைச் சிறுமியாக அனுபவித்த அவர் மகள் லூயிசா மே ஆல்காட்டே பின்னாளில் 'லிட்டில் விமன்' நாவலை எழுதியவர்.

'தி டயல்' இதழ் 1842 முதல் உலகச் சமய நூல்களிலிருந்து பகுதிகளை எடுத்து வெளியிட்டது. முதலில் வந்தது ஹிதோபதேசம். பிறகு மனு நூல், கன்பூசியஸ் உபதேசம், புத்தரின் போதனை என்று வந்தன. ஒரு கிறிஸ்தவ நாட்டின் இதழ் பிற சமயங்களின் நூல்களைப் பைபிளுக்கு இணையான மதிப்போடு அச்சிட்டது அந்நாளில் துணிச்சலான செயல். 1844இல் அந்த இதழ் நின்றுபோனது.

கீதை கடல் கடந்த கதை

கீதையை முதன்முதலில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் சார்லஸ் வில்கின்ஸ். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் பரிந்துரையோடு 1785இல் லண்டனில் அது அச்சேறியது. சர் வில்லியம் ஜோன்ஸ் 1784இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவி, சாகுந்தலத்தையும் மனு நூலையும் மொழிபெயர்த்தார். பாஸ்டன், சேலம் துறைமுகங்களிலிருந்து இந்தியாவுக்குச் சென்ற வணிகக் கப்பல்கள் துணியோடும் மிளகோடும் இத்தகைய செய்திகளையும் கொண்டுவந்தன.

எமர்சன் தொடக்கத்தில் இந்தியாவை மதித்தவர் அல்லர். 1821இல், 17 வயது மாணவராக ஹார்வர்டில் அவர் வாசித்தளித்த கவிதையின் பெயரே 'இந்திய மூடநம்பிக்கை'. பாதிரிமார்களின் அறிக்கைகளைப் படித்து எழுதிய ஏளனம் அது. அடுத்த ஆண்டே அவருடைய அத்தை மேரி மூடி எமர்சன் இந்தியத் தத்துவத்தைப் பற்றி அவருக்குக் கடிதம் எழுதித் தூண்டினார். அந்த அத்தை கல்லூரி வாசலை மிதிக்காதவர். ஆனால் ஓயாமல் படித்தவர். ஏளனத்திலிருந்து மதிப்புக்கு வந்துசேர எமர்சனுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடையில் 1842ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கான்கார்டில் இரண்டு மரணங்கள். எமர்சன் வீட்டில் தங்கியிருந்த இளம் நண்பர் ஹென்றி டேவிட் தோரோவின் அண்ணன் ஜான், சவரக் கத்தியால் ஏற்பட்ட சிறு காயம் விஷமாகி, தசைவிறைப்பு ஜன்னியில் 11ஆம் தேதி இறந்தார். பதினாறு நாள் கழித்து எமர்சனின் ஐந்து வயது மூத்த மகன் வால்டோ செங்காய்ச்சலால் இறந்தான். ஒரே கூரையின் கீழ் இரண்டு துக்கங்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அர்ஜுன விஷாதத்தோடு தொடங்கும் கீதை அந்த வீட்டுக்கு வந்தபோது, மரணம் என்பது அங்கே ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

குளக்கரைக் குடில்

கீதை வந்து மூன்று வாரங்கூட ஆகவில்லை. 1845 ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, 27 வயது தோரோ ஊரிலிருந்து ஒன்றரை மைல் தொலைவில் வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலுக்குக் குடிபோனார். நிலம் எமர்சனுடையது. குடிலின் அளவு பத்தடிக்குப் பதினைந்தடி. செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று கணக்கெழுதி வைத்தார். அவரை ஹரித்துவாரத்துச் சந்நியாசி போல் எண்ணிவிடக் கூடாது. அடிக்கடி ஊருக்குள் வருவார். தாய் வீட்டில் சாப்பிடுவார். குடும்பத்தின் பென்சில் தொழிலும் அவருக்குத் தெரியும். நில அளவை செய்தும் பொருள் ஈட்டினார். வாழ்க்கைக்கு உண்மையில் எவ்வளவு தேவை, எது வீண் சுமை என்று சோதித்துப் பார்ப்பதே அவர் நோக்கம். இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் அங்கே வாழ்ந்தார்.

காலையில் குளத்தில் நீராடுவதும் கீதையைப் படிப்பதும் அவருக்கு ஒரே வகைத் தூய்மையாகத் தோன்றின. இந்தியத் தத்துவத்தை நேசிக்கும் தமக்கு அரிசிச் சோறு பொருத்தமான உணவே என்று விளையாட்டாக எழுதினார். 1849இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், எப்போதாவது அரிதாகத் தாமும் ஒரு யோகியே என்று சொல்லிக்கொண்டார்.

1846–47 குளிர்காலத்தில் வால்டன் குளம் உறைந்து கிடந்தபோது நூறு கூலியாட்கள் வந்து பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்துக் குவித்தனர். பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் உலகெங்கும் பனிக்கட்டி விற்றுப் பொருளீட்டிய காலம் அது. 1833இல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் கப்பலில் ஏற்றிய 180 டன்னில், நான்கு மாதப் பயணத்துக்குப் பின் ஏறத்தாழ 100 டன் கரையாமல் போய்ச் சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கும் 'ஐஸ் ஹவுஸ்' கட்டடம் அந்த வணிகத்துக்காக 1840களில் எழுந்ததே. வால்டன் நீரைச் சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் பருகப் போகிறார்கள் என்று தோரோ எண்ணிப் பார்த்தார். கீதையின் நீரைத் தாம் இங்கே மொள்ள, இந்தக் குளத்தின் நீரை இந்தியர் அங்கே மொள்ள, கங்கையும் வால்டனும் கலப்பதாகக் கண்டு மகிழ்ந்தார். உண்மையில் அந்தப் பனிக்குவியலில் பெரும் பகுதி விற்கப்படாமலே கிடந்து, 1848இல் உருகிக் குளத்துக்கே திரும்பிவிட்டது. அதையும் மறைக்காமல் தம் நூலில் பதிவு செய்தார் தோரோ.

கீதையோடு வாதம்

தோரோவைக் கீதையின் பக்தர் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அவருக்கு நியாயம் செய்வதாகாது. 1849இல் வெளியிட்ட தம் முதல் நூலில், ஆற்றுப் பயணக் கதையின் நடுவே, கீதையைப் பக்கம் பக்கமாகப் போற்றுகிறார். உடனே அதனோடு வாதாடவும் செய்கிறார். அர்ஜுனன் ஏன் போர் செய்ய வேண்டும் என்பதற்குக் கண்ணன் கூறும் காரணம் போதாது. அர்ஜுனன் ஒப்பினாலும் படிப்பவன் மனம் ஒப்பவில்லை என்கிறார். பிறந்த குலமே கடமையை வகுக்கிறது என்பதும் அவருக்கு உடன்பாடில்லை.

இது ஏட்டு வாதமன்று. 1846 ஜூலையில், குடிலில் வாழ்ந்த காலத்திலேயே, செருப்புத் தைக்கக் கொடுத்ததை வாங்க ஊருக்குள் வந்த தோரோ கைது செய்யப்பட்டார். அடிமை முறையைக் காக்கும் அரசுக்குத் தலைவரி கட்டமாட்டேன் என்று பல ஆண்டுகளாக மறுத்து வந்ததே குற்றம். அந்த ஆண்டு மெக்சிகோ மீது தொடுக்கப்பட்ட போரும் அவர் உள்ளத்தைச் சுட்டது. ஒரே இரவுச் சிறை. வேறொருவர் வரியைக் கட்டிவிட்டதால் மறுநாள் விடுதலை. தைத்த செருப்பை வாங்கிக்கொண்டு, நண்பர்களோடு காட்டுப் பழம் பறிக்கப் போய்விட்டார். அந்த ஓரிரவிலிருந்து பிறந்ததே 1849இல் வெளியான, அரசை எதிர்த்து நிற்பது பற்றிய புகழ்பெற்ற கட்டுரை.

பலனை எண்ணாமல் கடமையைச் செய் என்ற உபதேசத்தைத் தோரோ ஏற்றார். கடமை எது என்பதைத் தம் மனச்சாட்சியிடம் கேட்டார். அதற்குக் கிடைத்த விடை, ஆயுதம் எடு என்பதற்கு மாறாக, அநீதிக்குத் துணை போகாதே என்பதாக இருந்தது. எமர்சனும் ஓடிவரும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன 1850ஆம் ஆண்டுச் சட்டத்தை மேடைகளில் கடுமையாகத் தாக்கினார்.

'பிரம்மா' என்னும் கவிதை

1857 நவம்பரில் 'அட்லாண்டிக் மன்த்லி' என்னும் புதிய இதழின் முதல் வெளியீட்டில் எமர்சனின் 'பிரம்மா' என்ற பதினாறு வரிக் கவிதை வந்தது. பெயர் பிரம்மா என்றாலும் பேசுபவர் நான்முகன் அல்லர், பரப்பிரம்மமே. ஆன்மா கொல்வதும் இல்லை, கொல்லப்படுவதும் இல்லை என்று கடோபநிடதமும் கீதையின் இரண்டாம் அத்தியாயமும் கூறும் கருத்து அதன் அடிப்படை. வாசகர்கள் குழம்பினர், கேலிக் கவிதைகள் குவிந்தன. குழம்புகிறவர்கள் பிரம்மா என்பதற்குப் பதிலாகத் தங்கள் ஜெஹோவாவின் பெயரை வைத்துப் படித்துக்கொள்ளட்டும் என்று எமர்சன் தம் மகளிடம் கூறினாராம். 17 வயதில் 'இந்திய மூடநம்பிக்கை' எழுதிய கைதான் பின்னாளில் இதை எழுதியது.

1855இல் 'புல்லின் இதழ்கள்' கவிதை நூலோடு எழுந்த வால்ட் விட்மனை முதலில் அடையாளம் கண்டு வாழ்த்தியவரும் எமர்சனே. மறு ஆண்டு புரூக்ளினில் விட்மனைச் சந்தித்த தோரோ, கீழை நாட்டு நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை, அவற்றைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் விட்மன். ஹாதார்னும் மெல்வில்லும் இக்கூட்டத்தாரின் நம்பிக்கையை முழுமையாக ஏற்காமல், மனித உள்ளத்தின் இருளையே அதிகம் எழுதினார்கள். ஆயினும் 1850 முதல் 1855 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் 'ஸ்கார்லெட் லெட்டர்', 'மோபி டிக்', 'வால்டன்', 'புல்லின் இதழ்கள்' என நான்கு பெருநூல்கள் பிறந்தன.

நாற்பத்து நான்கு புத்தகங்கள்

1855 நவம்பர் கடைசியில் தோரோவுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. தாமஸ் சால்மன்டிலி என்ற ஆங்கில நண்பர், கான்கார்டில் கிடைத்த நட்புக்கு நன்றியாக அனுப்பிய பரிசு அது. உள்ளே வேத மொழிபெயர்ப்பு, உபநிடதங்கள், விஷ்ணு புராணம் உள்ளிட்ட 44 கீழைநாட்டு நூல்கள். நதியில் மிதந்து வந்த கட்டைகளைச் சேகரித்து, அவற்றுக்கென்றே தம் கையால் ஓர் அலமாரி செய்தார் தோரோ. அவருடைய சொந்த நூல்களுக்கு வாய்த்த வரவேற்பு வேறு. முதல் நூலின் ஆயிரம் பிரதிகளில் 706 விற்காமல் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தன. 1862இல் 44 வயதில் காசநோயால் அவர் இறந்தபோது அந்தக் கீழைநாட்டு நூல்கள் எமர்சனைச் சேர்ந்தன.

திரும்பி வந்த நீர்

விற்காத எழுத்து வீண் போகவில்லை. 1907இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் தோரோவின் கட்டுரைப் பகுதிகளைத் தமது 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டார். சத்தியாக்கிரகத்தைத் தோரோவிடமிருந்தே பெற்றதாகக் கூறுவது தவறு. போராட்டம் வெகுதூரம் சென்ற பின்னரே அக்கட்டுரை கைக்கு வந்தது என்று 1935இல் காந்தியடிகளே எழுதினார். எனினும் கீதையைத் தாயாகப் போற்றிய அவர், கீதையைப் படித்த ஓர் அமெரிக்கரின் எழுத்தில் தம் வழிக்குச் சான்று கண்டார். அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் தமிழர் பலர். பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை சிறைவாசத்தில் நோயுற்று 1914இல் உயிர்நீத்தார். பின்னர் மார்ட்டின் லூதர் கிங் கல்லூரி மாணவராகத் தோரோவைப் படித்தார். காந்தியடிகளின் வழியைக் கற்றார். 1959இல் இந்தியாவுக்கே வந்து சென்றார்.

டியூடரின் பனிக்கட்டி வாணிகம் முடிந்த பிறகு, சென்னை ஐஸ் ஹவுஸ் பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞரின் இல்லமாயிற்று. 1897 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கியது அந்த வீட்டிலேதான். அதனால் இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம்.

அயல்நாடுகளில் வளரும் இந்துப் பிள்ளைகளின் நிலை பல வகையில் எமர்சனின் நிலையை ஒத்தது. மூல மொழி தெரியாது, கையில் இருப்பது மொழிபெயர்ப்பு, பெயர்களில் தடுமாற்றம். கண்ணன் ஏன் போர் செய்யச் சொன்னான் என்ற தோரோவின் கேள்வியை அவர்களும் கேட்கிறார்கள். அதைக் கேட்டுப் பெரியவர்கள் சில வேளை முகம் சுளிப்பதுண்டு. பேசாதே என்று அடக்குவதுமுண்டு. கான்கார்டு அன்பர்கள் கீதையைப் பட்டுத்துணியில் சுற்றி வைக்கவில்லை. பிழையோடு படித்தார்கள், மகன் இறந்த வீட்டில் படித்தார்கள், வாதாடினார்கள், ஒருவர் சிறைக்கும் போனார். அர்ஜுனனும் பதினெட்டு அத்தியாயம் வரை கேள்வி கேட்டவன்தான். கண்ணன் அவனை ஒருமுறையும் வாயை மூடச் சொல்லவில்லை.